மறையாத கை

எங்கள் ஊர்ச் சந்தியில் இருந்த சலூனுக்குத் தலைமயிர் வெட்டப் போனவர்களைவிட, புத்தகம் பார்க்கப் போன பொடியன்கள்தான் கூட. சுவரோரத்து நீள வாங்கில் வரிசையாக இருந்து பக்கம் புரட்டுவோம். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கடைக்கார அண்ணை கேட்பார்: "தம்பி, உமக்கு வெட்டோணுமோ, வாசிக்கோணுமோ?" 1978ஆம் ஆண்டு. எனக்குப் பதினொரு வயது. அந்த வாங்கில்தான் நான் அவனை முதலில் கண்டேன். கண்டேன் என்று சொல்வதும் சரியில்லை. அட்டை கிழிந்துபோன அந்தப் புத்தகத்தில், ஆளில்லாத ஓர் அறை இருந்தது. அறையின் நடுவே, அந்தரத்தில், ஒரு கை. உலோகக் கை. அது கதவின் பிடியைத் திருப்பிக்கொண்டிருந்தது. கைக்குச் சொந்தக்காரன் படத்தில் எங்கேயும் இல்லை.

இரும்புக்கை மாயாவி என்ற பெயரைக் கேட்டாலே என் வயதை ஒத்த தமிழர்கள், அவர்கள் சிவகாசிப் பக்கத்தவர்களாக இருந்தாலென்ன, வடமராட்சிக்காரராக இருந்தாலென்ன, ஒரு கணம் சிறு பிள்ளைகளாகிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அவன் எங்கிருந்து வந்தவன், அவனை உண்டாக்கியவர்கள் யார் என்று கேட்டால் அநேகருக்குத் தெரியாது. எனக்கும் நாற்பது வயது தாண்டும்வரை தெரியாது. தெரிந்துகொண்ட பிறகு அந்த அந்தரத்துக் கை எனக்கு வேறொன்றாகத் தெரியத் தொடங்கியது. அதைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

முதலில் கதைக்குள் அவனுக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அவனுடைய பெயர் லூயிஸ் கிராண்டேல். பேராசிரியர் பாரிஞ்சர் என்ற விஞ்ஞானியின் ஆய்வுகூடத்தில் உதவியாளனாக வேலை செய்தவன். கதை தொடங்கும்போதே அவனுக்கு வலது கை இல்லை. முன்பு நடந்த ஒரு விபத்தில் அதை இழந்து, அந்த இடத்தில் உருக்கினால் செய்த செயற்கைக் கையைப் பொருத்தியிருந்தான். பிறகு ஆய்வுகூடத்தில் இன்னொரு விபத்து நேர்ந்தது. உயர் அழுத்த மின்சாரம் அவனுடைய உடம்பினூடாகப் பாய்ந்தது. சாகவேண்டியவன் சாகவில்லை. மற்றவர்களுடைய கண்ணுக்குத் தெரியாமல் போனான். உடம்பு மறைந்தது, உடுப்பும் மறைந்தது. உருக்குக் கை மட்டும் மறையவில்லை.

இந்தச் சக்திக்குச் சில விதிகள் இருந்தன. சிறுவர்களாகிய நாங்கள் அவற்றைப் பள்ளிக்கூட வாய்ப்பாட்டைவிட நன்றாகப் பாடமாக்கி வைத்திருந்தோம். நினைத்த மாத்திரத்தில் அவனால் மறைய முடியாது. ஒவ்வொரு முறையும் மின்சாரம் பாயவேண்டும். அதற்காக அவன் உருக்கு விரலை மின் இணைப்புக்குள் செருகுவான். மறைந்த நிலை நெடுநேரம் நிற்காது. நேரம் போகப் போக உடம்பு திரும்பத் தெரியத் தொடங்கும். மின்சாரம் இல்லாத இடத்தில் அகப்பட்டுக்கொண்டால் எல்லாரையும் போல அவனும் ஒரு சாதாரண ஆள். மறைந்திருக்கும்போதும் அந்தக் கை நிற்கிற இடத்தை வைத்து உடம்பு எங்கே நிற்கிறது என்று எதிரி கணக்குப் போட்டுவிடலாம். பறக்கத் தெரியாது, மலையைத் தூக்கவும் தெரியாது. தாக்குப்பிடிக்க முடியாத ஓர் அதிர்ச்சியைத் திரும்பத் திரும்பத் தானே தேடிப்போய் வாங்கிக்கொள்வது ஒன்றுதான் அவனுக்குத் தெரிந்த வித்தை. நல்லகாலம், அப்போது எங்கள் வீட்டுக்குக் கறண்ட் வந்திருக்கவில்லை. வந்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுத நான் இருந்திருப்பேனோ தெரியாது.

மறைந்து திரியும் மனிதனைப் பற்றிய கற்பனை மிகப் பழையது. பிளேட்டோவின் 'குடியரசு' நூலில் ஒரு கதை வருகிறது. லிடியா நாட்டு இடையன் ஒருவனுக்கு மோதிரம் ஒன்று கிடைக்கிறது. அதைத் திருகினால் பிறர் கண்ணுக்குத் தெரியமாட்டான். அவன் அரண்மனைக்குப் போகிறான், அரசியை வசப்படுத்துகிறான், அரசனைக் கொல்கிறான், ஆட்சியைப் பிடிக்கிறான். யாரும் காணமாட்டார்கள் என்றால் நல்லவன் நல்லவனாகவே இருப்பானா என்பதுதான் அங்கே எழுப்பப்படும் கேள்வி. நமக்கும் இது புதிதல்ல. வானத்தில் மறைந்து நின்று அம்பு மழை பொழிந்த இந்திரசித்தைச் சிறுவயதிலிருந்தே அறிவோம். மாயாவி என்ற சொல்லே அந்தப் பரம்பரையிலிருந்து வந்ததுதான். 1897இல் எச். ஜி. வெல்ஸ் எழுதிய நாவலில் வரும் கிரிபின் தன் உடம்பை மறைக்கும் வழியைக் கண்டுபிடிக்கிறான். உடுப்பை மறைக்க அவனுக்கு வழியில்லை. மாரிக் குளிரில் நிர்வாணமாகத் திரிகிறான். தின்ற சாப்பாடு சமிக்கும்வரை வெளியே தெரிகிறது. கடைசியில் சனங்கள் சூழ்ந்து அடித்துக் கொல்லும்போதுதான் அவனுடைய உடம்பு கண்ணுக்குத் தெரியவருகிறது.

இவர்கள் எல்லாரிடமிருந்தும் கிராண்டேல் ஒரு விஷயத்தில் வேறுபடுகிறான். அவனிடம் எஞ்சித் தெரிவது அவன் இழந்த உறுப்பின் இடம். அவன் எதை மறைத்தாலும் தனக்கு நேர்ந்த சேதத்தை மறைக்க முடியாது. அவனுடைய சக்தி வந்ததும் அந்தச் சேதத்தின் வழியாகத்தான். சிறுவர் கதைக்கு இது கொஞ்சம் பாரமான யோசனை. வேண்டுமென்று யோசித்துத்தான் வைத்தார்களா, வாராவாரம் பக்கம் நிரப்பும் அவசரத்தில் தற்செயலாக வந்து வாய்த்ததா என்பதல்ல என் கேள்வி. அது அங்கே இருக்கிறது, அவ்வளவுதான்.

இனி அவன் பிறந்த இடத்துக்கு வருவோம். லண்டனில் பிளீற்வே நிறுவனம் 'வேலியன்ற்' என்ற சிறுவர் வார இதழைத் தொடங்கியது. முதல் இதழின் திகதி 1962 ஒக்ரோபர் 6. அந்த முதல் இதழிலேயே கிராண்டேலின் கதையும் தொடங்கியது. அதற்கு முதல் நாள்தான் லண்டனில் முதலாவது ஜேம்ஸ் பொண்ட் படமான 'டொக்டர் நோ' வெளியானது. அந்தப் படத்தின் வில்லனுக்கும் கைகள் இரண்டும் உலோகம் என்பது படம் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். தற்செயல்தான். ஆனால் காலத்தின் மணம் ஒன்று அதில் இருக்கிறது. பெரிய யுத்தம் முடிந்து அப்போது பதினேழு வருடங்கள். கையையும் காலையும் இழந்து வந்தவர்கள் தெருவில் நடமாடிக்கொண்டிருந்த காலம். யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர்க் கால் பொருத்திய பிள்ளைகளைக் கண்டு வளர்ந்த பிந்திய தலைமுறைக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இன்னுமொன்றையும் சொல்லவேண்டும். கிராண்டேல் கதாநாயகனாகத் தொடங்கவில்லை, கள்வனாகத்தான் தொடங்கினான். மறையும் சக்தி கிடைத்ததும் அவன் செய்த முதல் வேலை கொள்ளை. பிளேட்டோவின் இடையன் போன வழியிலேயே இவனும் போனான். விபத்து அவனுடைய மூளையைக் கலக்கிவிட்டது என்று கதை பிறகு சமாதானம் சொன்னது. அவன் திருந்தினான். ஆனால் ஒருமுறை விழுந்த பெயர் அவனை விடவில்லை. வேறொருவர் செய்த குற்றத்துக்கும் அவனையே தேடினார்கள். தான் குற்றவாளி இல்லை என்று நிரூபிப்பதற்காக அவன் ஓடவேண்டியிருந்தது. கடைசியில் அரசாங்கம் அவனுக்கு ஓர் உபயோகத்தைக் கண்டுபிடித்தது. பிரித்தானிய உளவுத்துறையின் இரகசியப் பிரிவு ஒன்று அவனைச் சேர்த்துக்கொண்டது. தமிழில் அதற்கு 'நிழற்படை' என்று பெயர் வைத்தார்கள். அழகான பெயர். அதன் பிறகு அந்தக் கை வெறும் கையாக இருக்கவில்லை. விரலுக்குள் துப்பாக்கி வந்தது, வானொலி வந்தது, மயக்கவாயு வந்தது. இழந்த கைக்குப் பதிலாக வந்த பொருள் இப்போது ஆயுதமாகிவிட்டது.

சலூன் வாங்கில் நான் கண்டது இந்த நிழற்படைக் காலத்து மாயாவியை. அவன் ஒருகாலத்தில் திருடியவன் என்பது எனக்குப் பல வருடங்களுக்குப் பிறகுதான் தெரியும். தெரிந்தபோது மனம் கொஞ்சம் சங்கடப்பட்டது உண்மை. பிறகு யோசித்துப் பார்த்தால், அவனை நேசிக்க அதுவும் ஒரு காரணமாகத் தோன்றியது.

1966இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் பட்மன் தொடர் வந்து உலகெங்கும் ஓர் அலையை எழுப்பியது. அந்த அலையில் கிராண்டேலுக்கும் ஒரு வேஷ உடுப்பைத் தைத்துப் போட்டார்கள். முகமூடி போட்ட கூட்டத்தில் அவனும் ஒருவனானான். அது அவனுக்குப் பொருந்தவில்லை. கண்ணுக்குத் தெரியாமல் போகிறவனுக்கு எதற்கு அலங்கார உடுப்பு? கொஞ்சக் காலத்தில் உடுப்பைக் கழற்றிவிட்டார்கள். பிறகு எவருக்கும் கட்டுப்படாமல் கூலிக்கு ஆபத்தான வேலைகளை ஏற்கிறவனாக அவன் கொஞ்சக் காலம் ஓடினான். 1976இல் வேலியன்ற் இதழும் தனித்து நிற்க முடியாமல் இன்னோர் இதழோடு சேர்ந்து மறைந்தது.

இதுவரை சொன்னது கதைக்குள் நடந்தது. என்னை அதிகம் பாதித்தது கதைக்கு வெளியே நடந்தது.

இந்தக் கதையைத் தொடங்கி எழுதியவர் கென் புல்மர். லண்டனில் 1921இல் பிறந்தவர். நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதியவர். அவற்றில் பெரும்பகுதி புனைபெயர்களில் வந்தவை. தன் ஆகப் பெரிய விஞ்ஞானப் புனைகதைத் தொடரைக்கூட அலன் பர்ட் ஏக்கர்ஸ் என்ற வேறு பெயரில்தான் எழுதினார். அவருக்குப் பிறகு கதையை நெடுங்காலம் கொண்டுபோனவர் ரொம் ரலி. படம் வரைந்தவரோ ஆங்கிலேயர் அல்ல. அவர் பெயர் ஹெசூஸ் பிளாஸ்கோ. 1919இல் பார்சலோனாவில் பிறந்த ஸ்பானியர்.

அப்போது ஸ்பெயினில் பிராங்கோவின் ஆட்சி. உள்நாட்டு யுத்தம் முடிந்த 1939இலிருந்து 1975 வரை நீடித்த ஆட்சி அது. அந்த நாட்டின் ஓவியர்கள் பலர் ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் முகவர்கள் மூலமாக லண்டன் இதழ்களுக்கு வரைந்தார்கள். உள்ளூரில் கிடைப்பதைவிடக் கூலி கூட. உடம்பு பார்சலோனாவில் இருக்கும், வேலை தபாலில் லண்டனுக்குப் போகும். பிளாஸ்கோ தன் சகோதரர்களோடு சேர்ந்து ஒரு குடும்பப் பட்டறை போல வேலை செய்தவர். எனவே ஒரு பக்கத்தில் எந்தக் கோடு யாருடையது என்று பிரித்துச் சொல்வதும் கடினம். அவருடைய படங்களைத் திரும்பப் பார்க்கும்போது முதலில் கண்ணில் படுவது கறுப்பு. மழை பெய்த லண்டன் தெரு, விளக்குக் கம்பத்தின் கீழ் விழும் நிழல், அந்த நிழலை வெட்டிக்கொண்டு மின்னும் உருக்கு விரல்கள். வெறுமையான இடத்தில் ஓர் ஆள் நிற்கிறான் என்பதை ஒரேயொரு கையின் சாய்வை வைத்து அவர் நம்பவைப்பார். மணிக்கட்டு திரும்பியிருக்கும் விதத்திலேயே அவன் களைத்திருக்கிறானா, கோபமாக இருக்கிறானா என்று தெரிந்துவிடும்.

ஆனால் அந்த நாளில் பிரித்தானியச் சிறுவர் வார இதழ்கள் பெரும்பாலானவற்றில் எழுதியவர் பெயரோ வரைந்தவர் பெயரோ போடும் வழக்கம் இருக்கவில்லை. வாராவாரம் அந்தக் கையைப் பார்த்துப் பிரமித்த ஆங்கிலப் பிள்ளைகளுக்கு அதை வரைந்தவர் பார்சலோனாக்காரர் என்று தெரியாது. வேலை மட்டும் வந்து சேர்ந்தது, ஆள் வரவில்லை. கண்ணுக்குத் தெரியாத மனிதனை வரைந்தவரும் கண்ணுக்குத் தெரியாமலேதான் இருந்தார். அவரிலும் வெளியே தெரிந்தது கை மட்டும்தான்.

தமிழுக்கு அந்தக் கை 1972இல் வந்தது. சிவகாசியில் எம். சௌந்தரபாண்டியன் தொடங்கிய முத்து கொமிக்ஸின் முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'தான். தீப்பெட்டி, பட்டாசு, நாட்காட்டி அச்சடிக்கும் ஊரிலிருந்து லண்டன் உளவாளி தமிழ் பேசிக்கொண்டு வெளியே வந்தான். முல்லை தங்கராசன் அந்த ஆரம்பகாலத்தில் ஆசிரியராக இருந்தார். ஆங்கிலம் இருந்த குமிழிகளுக்குள் தமிழ் புகுந்தது. உருக்கு என்பது இரும்பானது. நகம் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் கையாக மாறியது. ஆங்கிலப் பெயரில் ஒரு மிருகத்தின் பயங்கரம் இருக்கிறது, தமிழ்ப் பெயரில் அது இல்லை. நாங்கள் அவனை மிருகமாகப் பார்க்கவேயில்லை, கையுள்ள ஒரு மனிதனாகத்தான் பார்த்தோம். அதற்கு அந்தப் பெயர்தான் காரணம் என்று நினைக்கிறேன். 'உறைபனி மர்மம்', 'நாச அலைகள்', 'பாம்புத் தீவு' என்று அந்தத் தலைப்புகளை இப்போது சொன்னாலும் பழைய அச்சு மையின் மணம் மூக்கில் வருகிறது.

எழுபதுகளின் முற்பகுதியில் இலங்கை அரசு இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு போட்டிருந்தது. 1977க்குப் பிறகு பொருளாதாரம் திறந்துவிடப்பட்டபோதுதான் எங்கள் சந்திகளுக்கு எல்லாம் தாராளமாக வந்துசேர்ந்தன. ஒரு புத்தகம் பத்துப் பேரின் கை மாறும். நான் சேர்த்த முப்பது நாற்பது புத்தகங்களைத் தகரப் பெட்டியொன்றில் வைத்திருந்தேன். 1981இல் யாழ் நூலகத்தில் எரிந்த நூல்கள் 97,000 என்று ஒரு கணக்கு இருக்கிறது. 1995 ஒக்ரோபர் முடிவில் வலிகாமத்துச் சனங்கள் ஒரே இரவில் வெளியேறியபோது வீடுகளில் விடுபட்ட தகரப் பெட்டிகளுக்கு ஒருவரிடமும் கணக்கில்லை. அம்மா காணி உறுதியையும் பிறப்புச் சாட்சிப் பத்திரங்களையும் எடுத்துக்கொண்டு போனா. பெட்டியை விட்டுவிட்டா. "உன்ர பொம்மைப் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு செம்மணி வெளியால நடக்கச் சொல்லுறியோ?" என்று பிறகு ரெலிபோனில் கேட்டா. அவவிடம் பிழையில்லை.

அதற்கு இரண்டு வருடங்களுக்கு முன்னரே, 1993இல், நான் ஜேர்மனிக்கு வந்துவிட்டேன். வந்த முதல் வாரத்தில் ஒரு அலுவலகத்தில் என் பத்து விரல்களையும் ஒவ்வொன்றாகப் பிடித்து, மையில் உருட்டி, அட்டையில் பதித்தார்கள். பதித்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. முரட்டுத்தனமாக நடந்துகொண்டார் என்றும் சொல்லமாட்டேன். அவருடைய வேலைக்கு என் விரல்கள் போதும். பிறகு 2003இல் யூரோடக் என்ற கணினிப் பதிவகம் இயங்கத் தொடங்கி, தஞ்சம் கேட்டு வருகிறவர்களின் விரல் ரேகை நாடுகளுக்கிடையே ஒப்பிடப்படும் நடைமுறையும் வந்தது. ஓர் எல்லையில் பெயரை மாற்றலாம், கதையை மாற்றலாம், மீசையை வழிக்கலாம். கையை மறைக்க முடியாது. கிராண்டேலின் உருக்கு விரலுக்கு ரேகை இல்லை என்பது அன்று திரும்பி வரும்போது ரயிலில் எனக்கு ஞாபகம் வந்தது. சிரிப்பும் வந்தது.

பிறகு எல்லாரையும் போலக் கோப்பை கழுவினேன். அந்த உணவகத்தில் சமையலறைக்கும் சாப்பாட்டு மண்டபத்துக்கும் இடையே சுவரில் சிறிய யன்னல் ஒன்று இருந்தது. கழுவித் துடைத்த தட்டுகளை அதனூடாக அந்தப் பக்கம் தள்ளவேண்டும். அந்தப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு என்னில் தெரிவது முழங்கைக்குக் கீழே மட்டும். ஒருநாள் பரிமாறுகிற பெண் யன்னலூடாக வந்த என் கையைப் பார்த்து நன்றி என்றாள். முகத்தைக் குனிந்து பார்க்கவில்லை. கைக்குத்தான் நன்றி சொன்னாள். கண்ணுக்குத் தெரியாமல் போகும் சக்தி எனக்கு ஒரு பைசாச் செலவில்லாமல் கிடைத்துவிட்டது என்று அறைக்கு வந்து மற்றவர்களிடம் பகிடியாகச் சொன்னேன். அந்த அறையில் நாங்கள் ஐந்து பேர். மூன்று பேருக்கு உடனே விளங்கியது. "அடேய், இரும்புக்கை மாயாவி!" என்று ஒருவன் கத்தினான். அன்றிரவு நாங்கள் நெடுநேரம் கதைத்தது விசாவைப் பற்றியல்ல, மாயாவியைப் பற்றி.

எங்களை அந்தக் கதாநாயகனோடு ஒப்பிட்டுப் பெருமைப்படுத்த நான் இதை எழுதவில்லை. அவனுக்கு மறைவது ஒரு பலம், எங்களுக்கு அப்படியல்ல. நான் சொல்ல வருவது சிறிய விஷயம். ஆள் தெரியாமல், வேலை மட்டும் தெரியும் வாழ்க்கை ஒன்று உலகத்தில் இருக்கிறது. லண்டனுக்குத் தபாலில் படம் அனுப்பிய பார்சலோனாக்காரருக்கு அது தெரிந்திருக்கும். வேறு பெயர்களில் எழுதிக் குவித்த கென் புல்மருக்கும், குமிழிகளுக்குள் தமிழை அளந்து அடைத்தவர்களுக்கும் தெரிந்திருக்கும். இத்தனை பெயரில்லாக் கைகளைத் தாண்டித்தான் அந்தப் புத்தகம் எங்கள் சலூன் வாங்குக்கு வந்தது. அதனால்தானோ என்னவோ அந்தரத்தில் மிதந்த கையைக் கண்டு நாங்கள் பயப்படவில்லை. அதன் பின்னால் ஓர் ஆள் நிற்கிறான் என்று நம்பினோம். நம்பாவிட்டால் அந்தக் கதையை வாசிக்கவே முடியாது.

பிளாஸ்கோ 1995 ஒக்ரோபரில் பார்சலோனாவில் இறந்தார். என் தகரப் பெட்டி கைவிடப்பட்டதும் அதே மாதத்தில்தான் என்பதைப் பிறகு கணக்குப் பார்த்து அறிந்தேன். இதற்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

இங்கிலாந்தின் றெபெலியன் பதிப்பகம் 2021இல் அந்த முதற் கதைகளைத் திரும்பப் புத்தகமாகப் போட்டது. நான் ஒரு பிரதியை வாங்கினேன். இங்கே பிறந்து வளர்ந்த என் மகள் அதை எடுத்துப் புரட்டிப் பார்த்தாள். நான் எதிர்பார்த்தது போலக் கதையைப் பற்றி அவள் கேட்கவில்லை. "இது யார் வரைந்தது, அப்பா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை 1978இல் எங்கள் வாங்கில் இருந்த ஒருவரும் கேட்கவில்லை. புத்தகத்தைத் திருப்பி, அதில் அச்சிட்டிருந்த பெயரைக் காட்டினேன். அவள் அதை வாய்விட்டு வாசித்தாள்.